கருணை மனுவும் கவர்னர் ஆல்ட்கெல்டும்

நமது அரசியல் சட்டம் ஜனாதிபதிக்கும் ராஜ்யங்களின் கவர்னர்களுக்கும் ஓர் அரிய அதிகாரத்தை வழங்கியிருக்கிறது. நியாயஸ்தலம் விதித்த தண்டனையை மன்னிக்கவோ, குறைக்கவோ, நிறுத்தி வைக்கவோ அவர்களால் இயலும். மந்திரிசபையின் ஆலோசனைப்படியே இவ்வதிகாரம் செலுத்தப்படுகிறது. முன்னாளில் முடிமன்னரிடம் இருந்த இந்த உரிமை, குடியாட்சி வந்த பின்னரும் பல நாடுகளின் சட்டங்களில் நிலைத்து நிற்கிறது. மனிதர் அளிக்கும் தீர்ப்பில் பிழை நேரக்கூடும் என்பதை எல்லா நாட்டினரும் உணர்ந்திருக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

ஆராய்ந்து பார்த்தால் இம்மன்னிப்பு இருவகைப்படும். ஒருவன் குற்றவாளியே எனினும், பட்ட துன்பம் போதும் என்று இரங்கி விடுவிப்பது ஒரு வகை. அவன் குற்றம் செய்தான் என்பதற்கே ஆதாரம் இல்லை, தீர்ப்பே தவறானது என்று அறிவித்து விடுவிப்பது மற்றொரு வகை. முன்னதைக் கருணை எனலாம். பின்னதை நீதி எனலாம். எவ்வகையாயினும் சிறைக் கதவு திறந்துவிடும். ஆனால் கையெழுத்திடும் அதிகாரிக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. கருணை காட்டுவோரை உலகம் எளிதில் பாராட்டும். நீதி பிறழ்ந்தது என்று வெளிப்படையாக எழுதுவோர், தீர்ப்பளித்த நீதிபதியையும், வழக்கு நடத்திய அதிகாரிகளையும், தண்டனையைக் கேட்டு மகிழ்ந்த பொதுமக்களையும் ஒருங்கே பகைத்துக்கொள்ள நேரும்.

1893-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி அமெரிக்காவில் ஒரு கவர்னர் இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டார். ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு என்பது அவர் பெயர். இல்லினாய் ராஜ்யத்தின் கவர்னராக 1893 முதல் 1897 வரை அவர் பதவி வகித்தார். அமெரிக்க நாட்டில் கவர்னரை ஜனாதிபதி நியமிப்பதில்லை. அந்தந்த ராஜ்யத்து மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலின் அங்கே கவர்னர் என்பவர் ராஜ்ய நிர்வாகத்தின் உண்மையான தலைவர்; நம் நாட்டு முதன் மந்திரியின் பொறுப்புக்கள் பலவும் அவரைச் சார்ந்தவை. மக்கள் வாக்கால் வந்தவர் மக்கள் வெறுப்பால் போகவும் வேண்டியவரே. இதனை நினைவிற் கொண்டால்தான் ஆல்ட்கெல்டு செய்ததன் அருமை விளங்கும்.

ஆல்ட்கெல்டு அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். 1847-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி ஜெர்மனியில் நஸ்ஸௌ நாட்டைச் சேர்ந்த நீடர் ஸெல்டர்ஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பிழைப்பை நாடிக் கடல் கடந்த பெற்றோர், கைக்குழந்தையாக அவரை எடுத்துக்கொண்டு ஓஹையோ ராஜ்யத்தில் மான்ஸ்பீல்டு என்னும் ஊரின் அருகே குடியேறினர். தந்தை வண்டி செய்யும் தொழிலும் பயிர்த் தொழிலும் புரிந்தவர். வயலில் வேலை காத்திருக்கப் பிள்ளை பள்ளிக்கூடம் செல்வானேன் என்பது அவர் எண்ணம். வீட்டில் ஜெர்மன் மொழி, வெளியில் ஆங்கிலம் என்று இரு மொழிகளுக்கிடையே அச்சிறுவன் வளர்ந்தான்.

1864-ம் ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 16 வயதில் அவர் வட பகுதிப் படையில் சேர்ந்தார். சேர்ந்தோருக்குக் கிடைத்த 100 டாலரில் 90 டாலரைத் தந்தையிடம் கொடுத்துவிட்டுப் பத்தை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வர்ஜீனியாவில் பணிபுரிந்த காலத்தில் பற்றிய விஷ ஜுரம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டபாடில்லை. போரினின்று திரும்பியவர், விட்ட படிப்பைத் தொடர்ந்து உபாத்தியாயர் ஆனார். 1869-ல் மேற்குத் திசை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார். வழியிற் கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டு மிஸௌரி ராஜ்யத்துக்குச் சென்றார். ஆர்க்கன்ஸாஸில் ரயில்பாதை போடும் கூட்டத்திலும் உழைத்தார். மீண்டும் ஜுரம் வந்து வீழ்த்தியது. மிஸௌரியில் ஸவன்னா என்னும் ஊரில் தேறியெழுந்து, அங்கேயே பள்ளியில் கற்பித்துக்கொண்டு சட்டமும் பயின்று, 1871-ல் வக்கீலானார். 1874-ல் அம்மாவட்டத்தின் அரசாங்க வக்கீலாகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

சிறு பட்டணம் அவருக்குப் போதவில்லை. 1875-ல் கையில் ஏறத்தாழ 100 டாலருடன் சிக்காகோ நகருக்கு வந்து சேர்ந்தார். அவரை அறிந்தவர் அந்நகரில் ஒருவரும் இலர். 1871-ம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்துபோன சிக்காகோ, அக்காலத்தில் மிக்க வேகத்துடன் மறுபடியும் எழும்பிக்கொண்டிருந்தது. ஆல்ட்கெல்டு மனை வாங்கி விற்பதிலும் கட்டிடம் எழுப்புவதிலும் ஈடுபட்டுப் பெரும் பொருள் ஈட்டினார். 1891-ல் அவர் கட்டிய 16 மாடிகள் கொண்ட யூனிட்டி கட்டிடம் அந்நகரின் பெருமைகளுள் ஒன்றாக விளங்கியது. தம் செல்வத்தின் பெரும்பகுதியை அதிலேயே அவர் முடக்கினார்.

செல்வம் வந்தபின்னும் அவர் தாம் நடந்துவந்த பாதையை மறக்கவில்லை. 1884-ல் தண்டனை முறைகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். சிறைகளில் அடைபடுவோருள் மிகப் பலர் ஏழைகள் என்பதையும், அபராதம் செலுத்தப் பணமில்லாமையாலேயே பலர் சிறை புகுகின்றனர் என்பதையும், அங்ஙனம் புகுந்தவர் சிறையிற் கெட்டு வெளிவருகின்றனர் என்பதையும் அந்நூலில் எடுத்துக்காட்டினார். ஓஹையோவில் இருந்த கிளாரன்ஸ் டாரோ என்னும் இளம் வக்கீலின் உள்ளத்தை அந்நூல் பெரிதும் கவர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த வக்கீல்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற டாரோ, சிக்காகோவுக்கு வந்து ஆல்ட்கெல்டின் நெருங்கிய நண்பரானார். 1886-ல் ஆல்ட்கெல்டு அந்நகரின் குக் மாவட்ட உயர்ந்த நியாயஸ்தலத்தில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1891 வரை அப்பதவியில் இருந்தார். 1892-ம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று இல்லினாய் கவர்னராக வெற்றி பெற்றார். வெளிநாட்டிற் பிறந்த ஒருவர் அப்பதவியை அடைந்தது அந்த ராஜ்யத்தில் அதுவே முதல் தடவை.

பதவியேற்ற அன்றே ஒரு பெரிய கேள்வி அவர் மேஜையின் மீது காத்திருந்தது. அதனை அறிவதற்கு நாம் ஏழாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1886-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கோரி அமெரிக்கத் தொழிலாளர்கள் நாடெங்கும் வேலை நிறுத்தம் தொடங்கினர். பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதே அன்றைய வழக்கம். சிக்காகோ அந்த இயக்கத்தின் நடுநாயகமாக விளங்கியது. மே 3-ந் தேதி மக்கார்மிக் அறுவடை யந்திரத் தொழிற்சாலையின் எதிரே போலீஸார் தொழிலாளர்களின் மீது சுட்டனர், சிலர் மாண்டனர். அதனைக் கண்டிக்க மறுநாள் இரவு ஹேமார்க்கெட் என்னும் வைக்கோல் சந்தைச் சதுக்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது.

நகர மேயர் கார்ட்டர் ஹாரிஸன் தாமே அக்கூட்டத்துக்கு வந்திருந்தார். கலவரக்குறி ஒன்றும் இல்லை என்று கண்டு, அதனைப் போலீஸ் அதிகாரியிடம் கூறிவிட்டு வீடு திரும்பினார். மழை அறிகுறி தோன்றவே கூட்டமும் கலையத் தொடங்கிச் சில நூறு பேரே எஞ்சியிருந்தனர். ஸாமுவேல் பீல்டன் என்பவர் ஒரு வண்டியின் மீது நின்று பேச்சை முடிக்கும் தறுவாயில் இருந்தார். அவ்வேளையில் பான்பீல்டு என்னும் அதிகாரி பெரிய போலீஸ் படையுடன் வந்து கூட்டத்தைக் கலையுமாறு ஆணையிட்டார். அப்போது இருளிலிருந்து ஒரு வெடிகுண்டு போலீஸாரிடையே வந்து விழுந்தது. போலீஸாரும் இருளில் கண்டபடி சுட்டனர். போலீஸாருள் 7 பேர் இறந்தனர்; பொதுமக்களுள்ளும் சிலர் மாண்டனர். குண்டை எறிந்தவன் யார் என்பது இன்றளவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

எறிந்தவன் அகப்படாதபோதும் எட்டுப் பேர் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் அராஜகவாதிகள், அதாவது அரசு என்பதே வேண்டா என்ற கொள்கையுடையவர்கள். வன்முறையை ஆதரித்துப் பேசியவர்களும் எழுதியவர்களும் அவர்களுள் உண்டு. ஸ்பீஸ், ஷ்வாப், பிஷர், எங்கல், லிங்க் ஆகிய ஐவரும் ஜெர்மனியிற் பிறந்தவர்கள். பீல்டன் இங்கிலாந்திற் பிறந்தவர். பார்ஸன்ஸ், நீபே ஆகிய இருவரே அமெரிக்காவிற் பிறந்தோர். அந்நியர்கள் வந்து நாட்டைக் கெடுக்கின்றனர் என்ற கூக்குரல் பத்திரிகைகளில் எழுந்தது. 981 பேரை விசாரித்து, 12 ஜூரர்களைப் பொறுக்கி எடுத்தனர். நீதிபதி ஜோஸப் கேரி வழக்கை விசாரித்தார். 1886 ஆகஸ்டு 20-ந் தேதி எண்மரும் குற்றவாளிகள் என ஜூரர்கள் தீர்ப்புக் கூறினர். எழுவருக்குத் தூக்குத் தண்டனை. நீபேக்கு 15 ஆண்டுச் சிறைவாசம்.

மேல் நியாயஸ்தலங்கள் தலையிட மறுத்தன. அன்றைய கவர்னர் ரிச்சர்டு ஓகில்ஸ்பீக்குக் கருணை மனுக்கள் குவிந்தன. பார்ஸன்ஸ் முதலிய நால்வர் தாம் கருணை வேண்ட மறுத்துவிட்டனர். குற்றமற்றவர் மன்னிப்புக் கோருவதாவது என்பது அவர்கள் வாதம். ஓகில்ஸ்பீ, பீல்டன், ஷ்வாப் ஆகிய இருவரின் தண்டனையை மட்டும் ஆயுட் சிறையாக மாற்றினார். லிங்க் சிறை அறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய நால்வர் 1887 நவம்பர் 11-ந் தேதி தூக்கிலிடப்பட்டனர். எட்டு மணி நேர வேலைக்காக மே முதல் தேதி எழுந்த அக்கிளர்ச்சியின் நினைவே பின்னர் உலகெங்கும் மே தினமாயிற்று. 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டாடிய மே தினத்தின் வேரும் சிக்காகோ வீதியில்தான் இருக்கிறது.

இனி 1893-க்கு வருவோம். பீல்டனும் ஷ்வாபும் நீபேயும் ஜோலியட் என்னும் ஊரின் சிறைச்சாலையில் இருந்தனர். நீபே சிறைப்பட்டிருந்த காலத்திலேயே அவர் மனைவி இறந்துபோனார். ஆண்டுகள் செல்லச் செல்ல நகரத்தாரின் ஆத்திரம் தணிந்திருந்தது. பாங்கு முதலாளிகளும் வக்கீல்களும் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் அம்மூவரையும் விடுவிக்குமாறு மனுவிற் கையெழுத்திட்டனர். அவர்களுட் பலரும் கேட்டது முதல் வகை மன்னிப்பை. இவர்கள் குற்றவாளிகளே, எனினும் பட்டது போதும் என்பதே அவர்கள் கருத்து. ஆல்ட்கெல்டு அவ்வண்ணம் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் பெரும் எதிர்ப்பு எழுந்திராது. அவரைப் பெருந்தன்மையாளர் என்று பலர் புகழ்ந்துமிருப்பர்.

ஆல்ட்கெல்டு அவ்வாறு செய்யவில்லை. நீதிபதியாக இருந்து பழகியவர் ஆதலின், வழக்கின் பதிவுகள் அனைத்தையும் வரவழைத்துத் தாமே படித்தார். மாதங்கள் கழிந்தன. கவர்னர் அஞ்சுகிறார் என்று மனுச் செய்தோர் நினைத்தனர்; டாரோ போன்ற நண்பர்களும் பொறுமை இழந்தனர். அவர் ஆராய்ந்த கேள்வி வேறு. இவர்கள் குற்றவாளிகளாயின் விடுவிக்கக் காரணம் இல்லை. குற்றவாளிகள் அல்லராயின் ஒரு நாளும் சிறையில் வைக்கக் காரணம் இல்லை என்ற நிலையில் நின்று அவர் வழக்கை அணுகினார். 1893 ஜூன் 26-ந் தேதி வெளியான அவரது அறிக்கை சுமார் 18,000 சொற்கள் கொண்டது.

அவ்வறிக்கையின் வாதங்களைச் சுருக்கமாகக் காண்போம். முதலாவது, ஜூரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை. பொதுவில் ஊரார் பெயர்களைப் பெட்டியிலிட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். இவ்வழக்கிலோ தனி அதிகாரி ஒருவரை நியமித்து, தாம் விரும்பியவர்களை அழைத்துவருமாறு விட்டுவிட்டனர். அவர் குற்றஞ் சாட்டப்பட்டோருக்குப் பாதகமானவர்களாகவே பார்த்து அழைத்தார் என்பதற்குச் சாட்சியம் இருந்தது. இரண்டாவது, ஜூரர்களின் தகுதி. விசாரணைக்கு முன்பே இவர்கள் குற்றவாளிகள் என்று முடிவு கட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டவர்களும் தகுதியுடையோர் என நீதிபதியால் ஏற்கப்பட்டனர். மூன்றாவது, ஆதாரம். குண்டை எறிந்தவன் யார் என்று தெரியாதபோது, அவன் இவர்கள் பேச்சைக் கேட்டோ எழுத்தைப் படித்தோ எறிந்தான் என்று நிரூபிப்பது எங்ஙனம்? போலீஸாரின் தடியடியால் மனம் கசந்த எவனோ ஒருவன் பழிவாங்கும் நோக்குடன் எறிந்திருக்கலாம் என்று ஆல்ட்கெல்டு கருதினார். நான்காவது, நீபேக்கு எதிராக வழக்கே இல்லை என்று அரசாங்க வக்கீலே முன்பு கூறியிருந்தார். ஐந்தாவதாக, நீதிபதி கேரி விசாரணையில் நடுவுநிலை வழுவினார் என்றும் வெளிப்படையாக எழுதினார்.

இவ்வைந்து காரணங்களின் முடிவு ஒன்றே. மூவருக்கும் நிபந்தனையற்ற பூரண மன்னிப்பு அளிக்கப்பட்டது. வேண்டிக்கொள்ளப்பட்ட கருணையாக அன்று, அவர்களுக்குச் சேரவேண்டிய உரிமையாக விடுதலை வழங்கப்பட்டது. அவ்வறிக்கை கூறாமற் கூறியதையும் அன்று கேட்டோர் நன்குணர்ந்தனர். சிறையில் இருந்த மூவர் மீது குற்றம் நிலைநாட்டப்படவில்லை என்றால், தூக்கிலேறிய நால்வரின் கதி என்ன? ஆராயாது கொலைத் தண்டனை விதித்த பாண்டியன், தன் தவற்றை உணர்ந்த கணத்தில் அரியணையிலேயே உயிர்விட்ட வரலாற்றை அறிந்த தமிழர்க்கு அக்கேள்வியின் கூர்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மன்னிப்புப் பத்திரத்தை ஜோலியட் சிறைக்கு எடுத்துச் சென்றவர் டிரையர் என்னும் பாங்கு முதலாளி. எண்மர் மீதும் வழக்குத் தொடருமாறு 1886-ல் முடிவு செய்த முதல் ஜூரர் குழுவின் தலைவராக இருந்தவரும் அவரே. தாம் அன்று செய்ததற்கு வருந்தி, மன்னிப்பு வேண்டி ஓயாது முயன்றுவந்தார். பத்திரத்தைக் கையில் வாங்கியபோது அவர் கண்கலங்கினார் என்பர்.

மறுநாள் முதல் கவர்னர் மீது வசை மாரி பொழிந்தது. சிக்காகோவிலும் நியூயார்க்கிலும் பெரும் பத்திரிகைகள் பலவும் அவரைச் சாடின. அராஜகவாதி, கொலைகாரருக்குத் துணைவர் என்றெல்லாம் தூற்றின. கேலிச் சித்திரக்காரர்கள் கையில் தீவட்டியும் கத்தியும் கொடுத்து அவரை வரைந்தனர். அவர் அமெரிக்கரே அல்லர், அந்நியர் என்ற கூச்சலும் எழுந்தது. மூன்று மாதக் குழந்தையாக வந்து, பதினாறு வயதில் அந்நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தி, அதன் ரயில்பாதைக்கு மண் சுமந்து, அதன் நகரத்திற் பதினாறு மாடி எழுப்பியவர் அவர். எனினும், ஊராருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்ன அன்று அவர் பிறந்த ஊர் எல்லோர் நினைவுக்கும் வந்துவிட்டது. வேற்றூரில் வாழ்ந்து பெயர் பெற்றவர்கள் எந்த நாட்டிலும் அறிந்திருக்கும் அனுபவம் இது.

நடுநிலையாளர் சிலரும் அறிக்கையின் கடுமையைக் குறை கூறினர். நீதிபதி கேரியைத் தாக்காமலே மூவரையும் விடுவித்திருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். சொந்த விரோதம் காரணமாகவே அவ்வாறு எழுதினார் என்று சொன்னவர்களும் உண்டு. அறிக்கையின் நடை மென்மையானதன்று என்பது உண்மையே. ஆயினும் நீதிபதியின் போக்கே வழக்கின் பெருங்குறையாக இருந்தபோது, அதனை விட்டுவிட்டு வேறெதனை எழுதுவது என்பதற்கு அவர்கள் விடை கூறவில்லை.

ஓராண்டுக்குள் இரண்டாவது சோதனை வந்தது. 1893-ல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார மந்தத்தால் தொழில்கள் முடங்கின. ரயில்களுக்குத் தூங்கும் வண்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன் என்பவர், சிக்காகோவின் தென்பகுதியில் தம் தொழிலாளருக்கென ஓர் ஊரையே அமைத்திருந்தார். மந்தம் வந்ததும் கூலியைக் குறைத்தவர், அவர்கள் குடியிருந்த வீடுகளின் வாடகையைக் குறைக்க மறுத்தார். 1894 மே மாதத்தில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். யூஜீன் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிலாளர் சங்கம் அவர்களுக்கு ஆதரவாகப் புல்மன் வண்டிகளைத் தொட மறுத்தது. மேற்குப் பகுதியில் ரயில் போக்குவரத்து ஸ்தம்பித்தது.

மத்திய அரசாங்கத்தின் சட்ட மந்திரி ரிச்சர்டு ஓல்னி, ரயில்வே கம்பெனிகளுக்கு வக்கீலாக இருந்தவர். அவர் முயற்சியால் வேலை நிறுத்தத்துக்கு எதிராக நியாயஸ்தலத் தடையுத்தரவு பெறப்பட்டது. தபால் போக்குவரத்தைக் காப்பதென்ற காரணம் காட்டி, ஜனாதிபதி கிளீவ்லண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் மத்திய அரசாங்கத்தின் துருப்புக்களைச் சிக்காகோவுக்கு அனுப்பினார். ராஜ்ய கவர்னரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளீவ்லண்டும் ஆல்ட்கெல்டின் கட்சியைச் சேர்ந்தவரே. ஆயினும் ஆல்ட்கெல்டு ஜூலை 5-ந் தேதி நீண்ட தந்தி ஒன்று அனுப்பித் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தார். ராஜ்யத்தின் படைகள் தயாராக இருக்கின்றன, உதவி வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, உள்ளூர் மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமை அரசியல் சட்டத்தின் ஓர் அடிப்படை என்பது அதன் சாரம்.

தொழிலாளர் மீதுள்ள பரிவால் அவர் கலவரத்தை ஆதரித்தார் என்று கருதுவது பிழை. சிக்காகோ மேயர் உதவி கேட்டவுடன் ஜூலை 6-ந் தேதி ராஜ்யப் படையை அவரே அனுப்பினார். கலவரத்தை அடக்க அப்படை சுடவும் நேர்ந்தது. ஒழுங்கைக் காக்கும் கடமை யாருடையது, மத்திய அரசு எப்போது தலையிடலாம் என்பதே அவர் எழுப்பிய பிரச்னை. பொது ஒழுங்கை ராஜ்யங்களின் பட்டியலில் வைத்துள்ள நம் நாட்டினருக்கும் இக்கேள்வி புதியதன்று. அமெரிக்க உச்ச நியாயஸ்தலம் 1895-ல் மத்திய அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆல்ட்கெல்டு தோற்றார். வேலை நிறுத்தம் முறிந்தபின் பசியால் வாடிய புல்மன் ஊர்க் குடும்பங்களை நேரிற் சென்று கண்டு, அவர்கள் உணவுக்கு ஏற்பாடு செய்ய அவர் முயன்றார்.

பூசல்களுக்கிடையே அவர் ஆற்றிய ஆக்கப் பணிகளும் பல. 1893-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலைகளில் அமர்த்துவதைத் தடுத்து, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலையை விதித்தது. அதனை நடைமுறைப்படுத்தும் தலைமை இன்ஸ்பெக்டராக பிளாரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணியை ஆல்ட்கெல்டு நியமித்தார். எட்டு மணி நேர விதியை ராஜ்யத்தின் உச்ச நியாயஸ்தலம் 1895-ல் செல்லாதென்று கூறிவிட்டபோதிலும், அமெரிக்கத் தொழிற் சட்ட வரலாற்றில் அது ஒரு தொடக்கமாயிற்று. இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அவர் வாரி வழங்கினார். அங்கே ஒரு பெரிய கட்டிடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. சிக்காகோவின் டிராம் வண்டி உரிமையை நெடுங்காலத்துக்குச் சார்ல்ஸ் எர்க்ஸ் என்னும் முதலாளியின் பிடியில் ஒப்படைக்கும் மசோதாக்களை 1895-ல் அவர் தள்ளுபடி செய்தார். அவரை மசியவைக்கப் பெருந்தொகை காட்டப்பட்டது என்பர். அச்சமயம் பண நெருக்கடியால் அவரது சொந்தச் செல்வம் கரைந்துகொண்டிருந்தது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1896-ல் ஜனநாயகக் கட்சியின் மகாநாடு சிக்காகோவில் கூடியபோது அதன் கொள்கையை உருவாக்குவதில் ஆல்ட்கெல்டு பெரும் பங்கு கொண்டார். கட்சி, கிளீவ்லண்டின் போக்கைக் கைவிட்டது. அத்துணைச் செல்வாக்கு இருந்தும் ஜனாதிபதி பதவிக்கு அவர் நிற்க இயலாது. அந்நாட்டிற் குடிமகனாகவே பிறந்தவர்தாம் அப்பதவியை வகிக்கலாம் என்பது அமெரிக்க அரசியல் சட்டம். வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வேட்பாளரானார். எதிர்க்கட்சியாரோ பிரையனைக் காட்டிலும் ஆல்ட்கெல்டையே அதிகம் தாக்கினர். பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவ்வாறு தாக்கியவருள் ஒருவர். கவர்னர் பதவிக்கு மீண்டும் நின்ற ஆல்ட்கெல்டு தோல்வியுற்றார். 1897 ஜனவரியில் புதிய கவர்னர் பதவியேற்ற விழாவில், விடைபெறும் கவர்னர் பேசும் வழக்கமான சந்தர்ப்பங்கூட அவருக்கு மறுக்கப்பட்டது. யூனிட்டி கட்டிடமும் கைவிட்டுப் போயிற்று. 1899-ல் சிக்காகோ மேயர் தேர்தலில் நின்று அதிலும் தோற்றார். முடிவில் தம் நண்பர் டாரோவின் வக்கீல் அலுவலகத்திற் சேர்ந்து தொழில் நடத்தலானார்.

1902-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஒரு பொதுக்கூட்டத்திற் பேச அவர் சென்றார். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருடன் போரிட்டுக்கொண்டிருந்த போயர் மக்களின் துன்பத்தைப் பற்றி அவர் பேசினார். பேசி முடித்ததும் மயங்கி விழுந்தார். மறுநாட் காலையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 54. அவர் பேசிய ஊரும் உயிர்நீத்த ஊரும் ஜோலியட். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கையெழுத்தால் மூன்று கைதிகள் வெளியேறியது அவ்வூர்ச் சிறையிலிருந்துதான். சிக்காகோ பொது நூல்நிலையத்தில் வைக்கப்பட்ட அவர் உடலைக் காணப் பல்லாயிரம் எளிய மக்கள் வரிசையில் வந்து நின்றனர். ஈமச் சடங்கில் கிளாரன்ஸ் டாரோவும், ஏழைகளுக்காக உழைத்த ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் உரையாற்றினர்.

காலம் செல்லச் செல்ல வசை ஓய்ந்தது. ஆல்ட்கெல்டு கவர்னராக இருந்தபோது அவர் மாளிகைக்கு அருகே வளர்ந்த சிறுவன் வேச்செல் லிண்ட்ஸே, பின்னாளில் பெருங்கவிஞராகி அவரை மறக்கப்பட்ட கழுகு என்று பாடினார். 1915-ல் சிக்காகோவின் லிங்கன் பூங்காவில் அவர் சிலை நிறுவப்பட்டது. சிற்பி கட்ஸன் போர்க்லம் அதில் ஓர் உழைப்பாளர் குடும்பத்தையும் அவர் காலடியில் அமைத்தார். ஹேமார்க்கெட் வழக்கு நீதி பிறழ்ந்த வழக்கு என்று இன்று வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருதுகின்றனர். 1893-ல் அதனை அரசாங்கத் தாளில் எழுதியவர் ஒருவர் இருந்தார் என்பதையும் அவர்கள் உடன் குறிப்பிடுகின்றனர்.

மூவரை விடுவிக்க நான்கு வரிகள் போதும் என்று முன்னர்க் கூறினோம். எஞ்சிய பல்லாயிரம் சொற்களை ஆல்ட்கெல்டு யாருக்காக எழுதினார்? சிறையில் இருந்த மூவருக்கு அவை தேவைப்படவில்லை. தூக்கிலேறிய நால்வரை அவை உயிர்ப்பிக்கவும் இல்லை. அடுத்த முறை கூச்சல் மிகுந்த ஒரு காலத்தில், முன்பின் தெரியாத அந்நியன் ஒருவன் குற்றக் கூண்டில் நிற்கும்போது, ஜூரரைத் தேர்ந்தெடுப்போரும் தீர்ப்பு எழுதுவோரும் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே அவை எழுதப்பட்டன. அச்சொற்களுக்கு விலையாகத் தம் பதவியையும் நற்பெயரையும் அவர் கொடுத்தார். அவ்விலை அதிகம் என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை.